ஓர் அங்குலம்கூட வளர்க்காத ஆபரேஷன்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில், ஊரைத் தாண்டியதும் ஓர் எடைமேடை இருக்கிறது. கரும்பு, நெல், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, செங்கல், எது வந்தாலும் லாரியோடு நிறுத்திச் சீட்டுக் கொடுக்கிற இடம். அங்கே கண்ணாடி அறைக்குள் உயரமான நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் சவுரிராயன். வயது முப்பத்துநான்கு, உயரம் மூன்றடி பதினோரு அங்குலம், வாய் மட்டும் ஆறடி. புதிதாக வரும் டிரைவர் எவனாவது எட்டிப் பார்த்து, "பெரியவங்க யாரும் இல்லியா தம்பி?" என்று கேட்டால் தொலைந்தான்.

"பெரியவரு மேடைக்கு அடியில படுத்துக்கினு முதுகால எடை பாக்குறாரு. குனிஞ்சு கேளு."

சிலர் நிஜமாகவே குனிந்தும் இருக்கிறார்கள். அப்படி ஒருவன் குனிந்ததைப் பார்த்துச் சிரித்து உருண்டு, நாற்காலியிலிருந்து விழுந்து, கையில் கட்டுப் போட்டுக்கொண்ட ஆள் இவன்.

அந்த உயரத்தில் கடைசி இரண்டு அங்குலம் பிறவியில் வந்ததல்ல. காணைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது, காலை உடைத்து நீட்டுகிறார்களாம் என்று அவன் அப்பா அருள்நாதனிடம் யாரோ சொன்னார்கள். அதற்கு முன்பே என்னென்னவோ பார்த்தாயிற்று. வளர்த்திக்கு டானிக், காலையிலும் மாலையிலும் கம்பியில் தொங்கல், ஒரு வருஷம் ஹார்மோன் ஊசி. எலும்பு வளர்கிற இடத்திலேயே மரபணு தாழ்ப்பாள் போட்டிருக்கும்போது ஹார்மோன் என்ன செய்யும்? ஒன்றும் செய்யவில்லை. ஆகவே வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பை வெட்டி, வெளியே இரும்பு வளையம் பூட்டி, திருகாணி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை, தடவைக்குக் கால் மில்லிமீட்டர். ஸ்பேனர் அப்பா கையில். அவர் அழுதுகொண்டே திருகுவார், இவன் கத்திக்கொண்டே எண்ணுவான்.

ஐந்து சென்டிமீட்டர் ஆனபோது கம்பி போன துளைகளில் சீழ் வைத்தது. வலது பாதத்துக்குப் போகிற நரம்பு செத்தது. அதோடு நிறுத்தினார்கள். இந்த வைத்தியம் நன்றாக அமைந்தவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. இவனுக்கு அமையவில்லை. இன்றைக்கும் அந்தப் பாதத்தை இழுத்துத்தான் நடக்கிறான். ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, "கொஞ்சம் வளந்தா மாதிரிதான் கீது" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு அவன் மனசில் ஒன்று கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. "என் உசரம் எனக்குப் போதும். பாக்குறவனுக்குத்தான் பத்தல. அவன் கண்ணுக்கு மருந்து போட்டுக்கட்டும்" என்பான். ஆபரேஷன் என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் மாறிவிடும்.

ஜெனித் அவனைக் கட்டிக்கொண்டது அந்த வாய்க்காகத்தான். முழுப் பேர் ஆரோக்கிய ஜெனித், கெடார் ஊர்க்காரி, திண்டிவனத்தில் துணிக்கடையில் வேலை பார்த்தவள். இவனைவிட ஒன்றேகால் அடி உயரம். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். குழந்தை பிறந்தால் அப்பா மாதிரி இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். "இருந்தா இருக்கட்டுமே" என்றாள். ஆஷ்லின் பிறந்தாள். அகன்ற நெற்றி, குட்டைக் கைகள். சவுரிராயன் குனிந்து பார்த்துவிட்டு, "ஏ ஜெனி, என்னிய ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கியேம்மா" என்று சிரித்தான். அப்படியே விக்கி விக்கி அழுதான்.

நான்காம் மாதத்தில் குழந்தை குறட்டை விட ஆரம்பித்தது. தூங்கும்போது தலை வியர்த்துத் தலையணை நனைந்தது. தலையைத் தூக்கி நிறுத்தவே முடியவில்லை. ஜெனித் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பையைத் தூக்கினாள். முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் கலைமதி என்ற குழந்தை டாக்டர் பொறுமையாகப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு அக்கோன்ட்ரோபிளேசியா. உங்களுக்கு இருக்கறதுதான். ஆனா இந்த வயசுல உயரம் பத்திக் கவலை இல்ல. மண்டையோட்டுக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கு, தண்டுவடம் அது வழியாத்தான் கீழ இறங்குது. இந்தக் குழந்தைங்களுக்கு அது சின்னதா இருக்கும். நெருக்கினா தூக்கத்துல மூச்சு நிக்கலாம். தூங்கும்போது மூச்சு எப்படி இருக்குன்னு ஒரு டெஸ்ட், கழுத்துக்கு ஸ்கேன். ரொம்ப நெருக்கியிருந்தா ஒரு ஆபரேஷன் தேவைப்படலாம்."

சவுரிராயன் அதுவரை எல்லாவற்றையும் கேட்டான். கடைசிச் சொல் வந்ததும் காது அடைத்துக்கொண்டது.

"எலும்ப வெட்டுவீங்களா?"

"அந்த ஓட்டையச் சுத்தி கொஞ்சம் எலும்ப எடுக்கணும்..."

"என்னிய வெட்டனது பத்தலியா?" என்று எழுந்தான். "ஜெனி, கெளம்பு."

அவள் கிளம்பத்தான் செய்தாள். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கழுத்து மடங்கக் கூடாது. முட்டுக் கொடுத்து உட்கார வைக்கக் கூடாது. தூளி கூடாது. மட்டமாகப் படுக்க வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தையல் மிஷினுக்கு மேலே சுவரில் அதை ஒட்டினாள். ஸ்கேனுக்குக் கொடுத்த தேதி வந்தது, போனது. அவள் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். அவன் இரண்டு தடவையும் வேலையைச் சாக்கு சொன்னான். மூன்றாவது தடவை அவள் தன்னால் தனியாகவே போக முடியும் என்றபோது, "எம் பொண்ணு ஒண்ணும் பரிசோதனை எலி இல்ல" என்று கத்தினான். அவள் அவனை எதிர்த்துப் பழகாதவள். அதுதான் இந்தக் கதையில் அவள் செய்த ஒரே தப்பு.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளைக் கொடுத்துவர ஜெனித் கிளம்பினாள். பகல் பதினொரு மணி. "அரை மணி நேரத்துல வந்துடுவேங்க. பாயிலயே படுக்க வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பாயில் படுக்க வைத்தால் சிணுங்கும், ஐந்து நிமிஷம் கண் அயரும், விலுக்கென்று விழித்து வீறிடும். தோளில் போட்டால் தலை தொங்குகிறது. சவுரிராயன் பாட்டுப் பாடினான், லாரி ஹார்ன் மாதிரி ஊளையிட்டான், சிலுவை போட்டு மாதாவிடம் முறையிட்டான். அழுகை நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் தூளியில் தூங்காத குழந்தை உண்டா? இவனும் தூளியில் வளர்ந்தவன்தானே, செத்தா போய்விட்டான்? இதுதான் அப்போது அவன் மனசில் ஓடிய கணக்கு. பெட்டியிலிருந்து ஜெனித்தின் பழைய சேலையை எடுத்தான், ஜன்னல் கம்பியிலும் கதவுக் கொண்டியிலும் கயிறு போட்டு அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டினான், குழந்தையை உள்ளே விட்டான்.

நாலு ஆட்டு. அவ்வளவுதான், அழுகை நின்றது. கண்கள் சொருகின. முகவாய் நெஞ்சில் போய் உட்கார, பெரிய தலை முன்னால் கவிய, சுருண்டு படுத்து ஆஷ்லின் தூங்கிப்போனாள். "பாத்தியா, எங்கிட்டயா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெருமையாகத் தரையில் உட்கார்ந்தான்.

குறட்டை கேட்டது. பிறகு கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தான். வெளியே எவனோ தண்ணீர் கேன் இறக்கிவிட்டுப் போகிற சத்தம். கேன்காரன் போன பிறகும் தூளிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. எழுந்து சேலையை விலக்கிப் பார்த்தான்.

உதடு நீலமாக இருந்தது.

ஐயோ என்று கத்தினானா, கத்த நினைத்தானா, அவனுக்கே தெரியாது. அள்ளி எடுத்தான். தலை பின்னால் விழுந்தது. தரையில் மட்டமாகக் கிடத்தி, முகவாயைத் தூக்கி, உள்ளங்காலில் சுண்டினான். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை சுண்டினான். "ஆஷு, ஆஷும்மா, ஏய் மூச்சு வுடுடி, வுடுடி என் கண்ணு!" மூன்றாவது தடவை சுண்டியபோது குழந்தை ஒரு இழுப்பு இழுத்தது. வீறென்று அழுதது. இரண்டு நாளாக அவனைப் படுத்திய அதே அழுகை. அவன் தரையில் முட்டி போட்டு, அந்த அழுகைக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டான்.

நூற்றெட்டுக்குப் போன் செய்தான். செய்துவிட்டு அடுத்து என்ன செய்தான் தெரியுமா? தூளியை அவிழ்த்தான். சேலையை நாலாக மடித்தான். பெட்டியின் அடியில் வைத்து மூடினான். கை தானாகச் செய்தது.

ஆம்புலன்ஸும் ஜெனித்தும் ஒன்றாகத் தெருவில் நுழைந்தார்கள். அவள் கேட்க வேண்டியதையெல்லாம் ஓடிக்கொண்டே கேட்டாள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் நின்றிருந்தன. சைரன் கத்த, டிரைவர், "ஜல்தி ஒதுங்குப்பா" என்று தலையை வெளியே நீட்டிக் கத்த, உள்ளே ஜெனித் குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாயிலதானங்க இருந்தா?"

"ம்" என்றான்.

முண்டியம்பாக்கத்தில் கலைமதி டாக்டர் அன்று டியூட்டியில் இருந்தார். குழந்தையின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். மானிட்டரில் எண்கள் ஏறி இறங்கின. டாக்டர் கேட்டார்: "மூச்சு நின்னப்ப எப்படிப் படுத்திருந்தா?"

சவுரிராயன் வாயைத் திறப்பதற்குள் ஜெனித் முந்திக்கொண்டாள். "மட்டமாத்தான் டாக்டர். பாயில. நீங்க சொன்னதுலேர்ந்து நான் தூளியே கட்டறதில்ல. அவரும் பாயிலதான் படுக்க வச்சாரு."

டாக்டர் எழுதிக்கொண்டார். முகம் இறுகியது. "மட்டமா படுத்திருந்தே நின்னுதுன்னா நெருக்கம் ரொம்ப அதிகம். எப்ப வேணா மறுபடி நிக்கும். இப்பவே தொண்டையில குழாய் போட்டு, மெஷின் மூச்சுல சென்னைக்கு அனுப்பணும்." பக்கத்திலிருந்த நர்ஸிடம் மயக்க டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி இவர்கள் இருவரிடமும், "இந்தக் கழுத்தை நிமித்திக் குழாய் போடறதுலயே ஆபத்து இருக்கு. சொல்லிடணும் உங்ககிட்ட. ஆனா வேற வழி இல்ல" என்றார்.

வழி இருந்தது. அது அவன் வாயில் இருந்தது.

ஊரையே வாயால் உருட்டுகிறவன் மானிட்டரில் ஏறி இறங்கும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். சும்மா இருந்துவிட்டால் போதும். அவனுக்காக ஜெனித்தே பொய் சொல்லி முடித்துவிட்டாள், அது பொய் என்று தெரியாமலே. அந்தச் சேலை பெட்டியிலேயே கிடந்து மக்கிப்போகும். மயக்க டாக்டர் வேகமாக உள்ளே வந்தார். தட்டில் குழாய்களைப் பரப்பினார்கள். ஒரு நர்ஸ் ஆஷ்லினின் தலைக்குப் பின்னால் போய் நின்று கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

"டாக்டரம்மா! நிறுத்துங்க!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"பாய் இல்ல. நான் தூளி கட்டினேன். சுருண்டுக்கினு படுத்திருந்தா. முகவாய் நெஞ்சுல இடிச்சிக்கினு இருந்துச்சு. வெளிய எடுத்து மட்டமாப் போட்டதும் மூச்சு வந்துடுச்சு."

டாக்டர் அவனையே பார்த்தார். "நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. பாயில படுக்கும்போது எப்பவாவது நின்னிருக்கா?"

"இல்லீங்க. பாயில குறட்டை வுடுவா, முழிச்சிக்குவா. நின்னதில்ல."

டாக்டர் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். மானிட்டரை இரண்டு நிமிஷம் பார்த்தார். "குழாய் வேணாம். மட்டமாவே இருக்கட்டும், தோளுக்கு அடியில துணி. ராத்திரி பூரா கண்காணிப்பு. காலையில ஸ்கேன்" என்றார். மயக்க டாக்டர் குழாய்களைத் திரும்ப உறையில் போட்டார். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜெனித் மட்டும் கேட்டாள். "சேலை எங்க?"

"பொட்டியில."

"மடிச்சு வச்சீங்களா?"

"...ஆமா."

எழுந்து கட்டிலின் அந்தப் பக்கம் போய், குழந்தைக்கும் அவனுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்கள். மூளைக்குக் கீழே தண்டுவடம் இறங்குகிற இடத்தில் இடுப்பில் கயிறு கட்டி இழுத்தாற்போல ஒரு நெரிப்பு. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கறை. "தண்டுவடம் அடி வாங்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார் கலைமதி. "இதுக்கு மேல காத்திருக்கக் கூடாது. சென்னையில மூளை நரம்பு டாக்டர்கிட்ட பேசிட்டேன். பத்துப் பன்னெண்டு நாள்ல தேதி தருவாங்க. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். உங்க சம்மதம் வேணும்."

மேசையில் காகிதம் இருந்தது. ஜெனித் பேனாவை எடுத்தாள். அவனைக் கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை. தன் பேரை எழுதினாள். அம்மாவின் கையெழுத்தே போதும் என்று நர்ஸ் சொன்னாள்.

"இருங்க" என்றான் சவுரிராயன்.

ஜெனித்தின் கை காகிதத்தின்மேல் அழுந்தியது. பிடுங்கினால் பிடுங்கிப் பார் என்று இருந்தது அவள் முகம்.

அவன் டாக்டரிடம் கேட்டான்: "இந்த ஆபரேஷன் பண்ணா எம் பொண்ணு எவ்ளோ வளருவா?"

"வளர்றதா? ஒரு இஞ்ச்கூட வளரமாட்டா."

"ஒரு இஞ்ச்கூட?"

"இது உயரத்துக்கு இல்லீங்க. மூச்சுக்கு." டாக்டருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "முதல் நாளே அதைத்தான் சொன்னேன். உயரத்துக்கு இப்ப ஒரு ஊசி வந்திருக்கு. எலும்பு வளர்றது நிக்கற வரைக்கும் தினம் ஒண்ணு, வருஷத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கிட்டக் கூடுது. நம்ம ஊர்ல கிடைக்கறது கஷ்டம், விலையும் யானை விலை. கால் நீட்டற ஆபரேஷன் அவ பெரியவளாகி, அவளே கேட்டா பாத்துக்கலாம். வேணாம்னா வேணாம். அதெல்லாம் அப்புறம். அதுக்கு முதல்ல அவ உயிரோட இருக்கணும்."

அவன் வாழ்க்கையில் எத்தனை டாக்டர்கள், எத்தனை மேசைகள். அத்தனை பேரும் எத்தனை அங்குலம் என்றுதான் ஆரம்பித்தார்கள். இப்படியே இருக்கட்டும், ஆனால் உயிரோடு இருக்கட்டும் என்று சொன்ன ஆபரேஷன் இதுதான். இதைப் போய் ஒரு மாசமாக விரட்டிக்கொண்டிருந்திருக்கிறான். தன் காலில் பட்ட புண்ணுக்குக் குழந்தையின் கழுத்தைக் காவு கொடுக்கப் பார்த்திருக்கிறான். அவமானத்தில் அவனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. ஜெனித்தின் கைக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டான். பேர் கோணலாக வந்தது.

பதினோராம் நாள் சென்னையில் ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஆஷ்லினுக்கு அன்று ஐந்து மாசம் இருபது நாள். கதவு மூடியபோது அவள் அழவில்லை, நர்ஸின் அடையாள அட்டையைப் பிடித்துக் கடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனித் ஜெபமாலையை உருட்டினாள். சவுரிராயன் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பாதத்தை இழுத்து இழுத்து நடந்தான். போகிற வருகிறவர்கள் அவனையே பார்த்தார்கள். எடைமேடையாக இருந்தால் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருப்பான். ஒன்பது மணி, பத்து மணி. மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். பன்னிரண்டேகால் ஆகியும் கதவு திறக்கவில்லை. ஜெனித்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவள் நகரவில்லை, நிமிரவுமில்லை. ஒருமுறை கதவு திறந்தது. வேறு யாரோ ஒருவரின் பேரைக் கூப்பிட்டார்கள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மூளை நரம்பு டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். எலும்பை எடுத்தாயிற்று, தண்டுவடம் இப்போது நெருக்கம் இல்லாமல் துடிக்கிறது, இரண்டு நாள் கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார். ஜெனித் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் சவுரிராயன் ஒரு பாட்டில் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றான்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். பின்கழுத்தில் கட்டு, கட்டுக்கு மேலே மழித்த தலை. ஜெனித் இந்தப் பதினாலு நாளாகக் குழந்தையை அவனிடம் ஒருதரம்கூடக் கொடுக்கவில்லை. பால் பாட்டில் கழுவுவது, மருந்து வாங்கிவருவது, துணி பிழிவது எல்லாம் அவன் செய்தான். குழந்தை தூங்குகிற நேரம் மட்டும் கட்டிலை விட்டு அவள் அசையமாட்டாள். கண்ணெல்லாம் சிவந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தாள்.

அன்று பிற்பகல் ஆஷ்லின் பால் குடித்துவிட்டு மட்டமாகப் படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். குறட்டை இல்லை. நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஜெனித் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"குளிச்சிட்டு வர்றேன்" என்றாள். "பாத்துக்குங்க."

அவன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். அவள் வார்டுக் கதவைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் போனாள்.